அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குப் பொறாமை

போன வருடம் தீபத் திருவிழா முடிந்து ஊரில் கூட்டம் ஓய்ந்திருந்த நேரம். திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. அன்றைக்கு நான் அங்கே போனதே ஓர் எழுத்தாளரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான்.

எனக்குப் புத்தகம் படிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. டவுனில் பைப், மோட்டார் சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறேன். படிக்கிறவள் என் மனைவி. மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். மாதம் ஒருமுறை அந்தக் காபிக் கடை மாடியில் கூடுகிற வாசகர் கூட்டத்துக்கும் போவாள். கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதோடு என் வேலை சரி.

அந்த மாதம் அவர்கள் பேசுவதற்கு எடுத்துக்கொண்டது ஒரு நாவல். அதைப் படிக்க ஆரம்பித்த அன்றைக்கே குழம்பு அடிப்பிடித்தது. பாதியில் படாரென்று மூடிக் கட்டிலில் வீசிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, அதே புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்தைத் தேடினாள். ரெண்டு மூன்று நாள் என்னோடு சரியாகப் பேச்சில்லை. ஒருதரம் நான் சாப்பிட வந்தபோது கண் சிவந்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, புக்கு படிச்சேன் என்றாள்.

எனக்கு எரிந்தது. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தீபாவளிக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தால், நல்லா இருக்கு என்று சொல்லி மடித்து பீரோவில் வைக்கிறவள் அவள். என் அப்பா செத்தபோதுகூட வந்தவர்களுக்குக் காபி போடுகிற வேலையில்தான் இருந்தாள். அப்படிப்பட்டவளை எவனோ எழுதின ஒரு புத்தகம் அழவைக்கிறது. பின்னட்டையில் அந்த எழுத்தாளரின் போட்டோ. என் வயதுதான் இருக்கும், ஆனால் தலை நிறைய முடி. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த முகம் மேலே தெரியாதபடி போகும்போதும் வரும்போதும் புத்தகத்தைத் திருப்பி வைத்தேன்.

ஒருநாள் அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்துப் படித்தேன். அடிபட்டுப் படுத்த படுக்கையான கணவன், அவனுக்குச் சகலமும் செய்கிற மனைவி. பீ மூத்திரம் அள்ளுவது முதற்கொண்டு விலாவாரியாக எழுதியிருந்தார். போகப்போக அவள் அவன் சாவுக்குக் காத்திருக்க ஆரம்பிக்கிறாள். ஊசி போட வருகிறவன்மேல் ஆசைப்படுகிறாள். ஓர் இடத்தில் தலையணையை எடுத்துக் கணவன் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகிறாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, அதையே தன் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறாள். அதற்கு மேல் படிக்காமல் மூடி வைத்தேன். ஏனென்றால் நானும் அப்படிப் படுத்துக் கிடந்தவன்.

சில வருடங்களுக்கு முன்னால் வேலூர் சாலையில் லாரி இடித்து, இடுப்பெலும்பு நொறுங்கி, ஏறக்குறைய ஒரு வருடம் கட்டிலே கதி என்று கிடந்தேன். கடையையும் பார்த்துக்கொண்டு என்னையும் பார்த்துக்கொண்டவள் அவள்தான். போதாததற்கு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் என் அக்காவை எனக்குக் காவல் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்தாள். எழுந்து நடந்த நாள் முதலாக நான் இதைச் சொல்லாத இடமில்லை. கடைக்கு வருகிறவர், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், யார் கிடைத்தாலும் என் பொண்டாட்டி சுத்தின சுத்துதான் என்னை எழுப்பி விட்டது என்பேன். அவள் பக்கத்தில் இருந்தால் எழுந்து போய்விடுவாள். கூச்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவள் கையில் இந்தக் கருமமா என்று கோபம். போயும் போயும் இதற்கா அழுதாள் என்று பொறாமை. எது ஜாஸ்தி என்றால் பொறாமைதான். அந்த எழுத்தாளரே இந்த மாதக் கூட்டத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும், நானும் வருகிறேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாடியில் இருபது பேர் இருப்பார்கள். எழுத்தாளர் நேரில் என்னைவிடக் குள்ளம், அதில் எனக்கு ஒரு திருப்தி. ஆரம்பத்திலேயே சூடு பிடித்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், இதை வீட்டில் வைத்திருக்கவே அருவருப்பாக இருந்தது, பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டேன் என்றார். ஓர் அம்மாள், பாதிக்கு மேல் முடியவில்லை, சாப்பாடே இறங்கவில்லை என்றார். பேங்கில் வேலை பார்க்கிற பெண், மனுஷருக்குத் தோன்றுவதைத்தானே எழுதியிருக்கிறார் என்று சொல்ல, வாத்தியார் அவர்மேல் பாய்ந்தார். எழுத்தாளர் எதற்கும் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுந்துவிட்டேன். நானே படுக்கையில் கிடந்தவன் என்று ஆரம்பித்து, கிரிவலக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன்.

"இந்த மாதிரி பொம்பளைங்களும் ஊர்ல இருக்காங்க சார். இவங்கள எழுதுங்க," என்று மனைவியைக் கைகாட்டி முடித்தேன்.

முதலில் வாத்தியார் கைதட்டினார், பிறகு முக்கால்வாசிப் பேர். எழுத்தாளரின் முகம் சுண்டிப்போனது. ஜெயித்த சந்தோஷத்தோடு உட்கார்ந்தேன். அப்போது என் மனைவி எழுந்தாள்.

"அவரு சொன்னது நெசந்தாங்க. எல்லாப் பௌர்ணமியும் சுத்துனேன். மொதல்ல எழுப்பி உடுன்னுதான் வேண்டிக்கினேன். அப்பறம் ஒரு பௌர்ணமிக்கு எம லிங்கத்தாண்ட நின்னு, இவர கூட்டிக்கினு போயிடுன்னு கேட்டேன். அவரு கஷ்டப்படறாருன்னு இல்லீங்க. எனக்குத் தூங்கணும் போல இருந்துச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்படி நெனச்சவ நான் ஒருத்திதான்னு இத்தினி வருசமா இருந்தேன். இந்தப் புக்குல இன்னொருத்தி இருந்தா. அதான் அழுதேன்."

வாத்தியார் தரையைப் பார்த்தார். எழுத்தாளர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார், அவளும் கும்பிட்டாள். உங்களிடம் மறைப்பானேன், இவள் என் சாவைக் கேட்டிருக்கிறாள் என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை. என்னிடம் சொல்லாததை இந்த ஆளிடம் சொல்கிறாளே என்றுதான் வயிறு எரிந்தது.

கீழே வந்து வண்டியை எடுத்தேன். எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்கிறவள், அன்றைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு டவுன் பக்கம் திரும்ப வேண்டும். நான் எதிர்ப்பக்கம் திருப்பினேன். மலையைச் சுற்றுகிற பாதையில் இருக்கிற எட்டு லிங்கங்களில் எம லிங்கம் அங்கிருந்து கிட்டத்தில்தான். பௌர்ணமி இல்லாததால் ஆள் கம்மி. வண்டியை நிறுத்தினதும் இறங்கினாள்.

எங்கே நின்று கேட்டாய் என்றேன். வாசலுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கேட்டுட்டு வூட்டுக்கு வந்து இன்னா பண்ண?"

கொஞ்சம் யோசித்தாள். "உங்க அக்கா அசந்து தூங்கினு இருந்தாங்க. நீங்க நனைச்சிக்கினு கெடந்தீங்க. துணி மாத்தி உட்டேன். கஞ்சி வேணும்னீங்க, வச்சிக் குடுத்தேன்."

அது எந்தப் பௌர்ணமி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு ஞாபகம் வந்திருக்காது. அந்த வருடம் அவள் கையால் எத்தனையோ கஞ்சி குடித்திருக்கிறேன், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை. சும்மா தலையாட்டினேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், கொஞ்ச தூரம் போனதும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கிரிவலக் கதையை அன்றோடு விட்டுவிட்டேன். நான் ஊரெல்லாம் பெருமை பேசிப் பேசியே அவள் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. ஆனால் அந்த எழுத்தாளர்மேல் பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. என் மனைவி மாதிரி ஒருத்திக்கு இப்படியும் தோன்றியிருக்கும் என்று அவள் முகம்கூடத் தெரியாத அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது, அவள் கையால் கஞ்சி குடித்துக்கொண்டு பக்கத்திலேயே கிடந்த எனக்குத் தெரியவில்லையே.