மறுத்தவர்கள் 214 பேர்

இசபெல்லுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். தெரிந்தவர்கள் அப்போது கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். மீன் விற்றவளின் மகள், கடலுக்குப் போகிற ஆன்ட்ரூஸின் மனைவி, வயது நாற்பத்தைந்து. சவேரியார்துறை என்கிற கடற்கரை ஊரில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை மூன்று வருடமாக அவளுக்கு.

திட்டம் போட்டவர்கள் நல்ல மனசோடுதான் போட்டிருப்பார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் போட்டுப் பார்த்த இடம் பூதப்பாண்டிப் பக்கம். விடியற்காலம் வயலுக்குப் போனவர் பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வருவார். பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் ஆள் இருக்கும். திட்டம் ஜோராக ஓடியது. உடனே அதே தாளை, அதே பத்து மணியோடு, கடற்கரைக்கும் அனுப்பிவிட்டார்கள். அங்கே பத்து மணிக்கு யாரய்யா வீட்டில் இருப்பார்? ஆண்கள் கரையில் மீன் ஏலத்தில் நிற்பார்கள், பெண்கள் கூடையோடு சந்தைக்குப் போயிருப்பார்கள். கடலில் கிடந்து வந்து தூங்குகிறவனை எழுப்பினால் பார்க்கப் போனவளுக்குத்தான் பிரஷர் ஏறும்.

படிவத்தில் இருந்தது இரண்டே கட்டம். ‘பார்த்தது’, ‘மறுத்தது’. பூட்டின வீட்டுக்குக் கட்டம் கிடையாது. காலியாக விட்டால் மேலே இருந்து போன் வரும். முதல் ஆறு மாதம் இசபெல்லும் ‘மறுத்தது’ என்று டிக் போட்டுத் தள்ளினாள். அந்த வெட்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

பிறகுதான் புத்தி வந்தது. போன் வந்தாலும் வரட்டும் என்று பூட்டின வீட்டுக்கு டிக் போடுவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசை முடிந்ததும் ஊரே கோயில் முற்றத்தில் நிற்கும். அங்கே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். வள்ளக்காரன் சிலுவைமுத்து கேலி பண்ணத்தான் முதலில் வந்தான். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. கேலி அத்தோடு நின்றது. இப்போது அவனும் அவனைப் போல நூற்று நாற்பது பேரும் தப்பாமல் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஆனால் ஞாயிறு விடுமுறை நாளாச்சே, அன்று பார்த்தது திட்டத்தின் கணக்கில் ஏறாது. அவள் தனி நோட்டில் எழுதி வைத்தாள்.

போன மாதம் நாகர்கோவிலில் மதிப்பீட்டுக் கூட்டம். அதிகாரி பொன்னுலிங்கம் அறிக்கையை வாசித்தார். சவேரியார்துறையில் மறுத்தவர்கள் இருநூற்றுப் பதினாலு பேர், மக்களுக்கு ஆர்வமில்லை, அங்கே போகிற மாத்திரைகளை வேறு இடத்துக்கு மாற்றலாம்.

இசபெல் எழுந்தாள். ஒருத்தரும் மறுக்கவில்லை என்றாள், தாழ்ந்த குரலில்.

பொன்னுலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. தாளில் இருந்ததை நம்பினார், அவ்வளவுதான். பழைய படிவங்களை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது ஒங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார், எனக்க கையெழுத்துதான். ஆனா போட்டது பொய்.”

பக்கத்தில் இருந்த, அவளைப் போலவே வேறு ஊரில் மாத்திரை கொடுக்கிற ராஜபாய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். இப்படிச் சொன்னால் வேலையே போய்விடும், பேசாமல் உட்காருங்கள் என்று பொன்னுலிங்கமே இறங்கி வந்து சொன்னார். உட்காருகிற ஆளா அவள்?

“வேலை போனா போட்டும் சார். மாத்திரை போவப்பிடாது. ஆளு இருக்க நேரத்துல நாம போவல்ல. பழி மட்டும் அவங்களுக்கா?”

சொன்னதோடு விட்டாளா? நேரே போய் அறிக்கையின் ஓரத்தில், ‘இந்த 214 பேரும் மறுக்கவில்லை, பொய்யாகக் குறித்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருந்த டாக்டர் ஷைஜா அவளுடைய நோட்டை வாங்கி வெகுநேரம் புரட்டினார். இந்த அறிக்கையை இப்படியே அனுப்ப முடியாது, முடிவாகும்வரை மாத்திரை அங்கேயே போகட்டும் என்றார். ஆனால் பொய் டிக் பொய் டிக்தான், அதற்கு விளக்கம் கேட்காமல் விட முடியாது என்றும் சொன்னார். அதுவும் நியாயம்தானே.

வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. பொய்யாகக் குறித்ததற்கும், அனுமதி இல்லாமல் விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது? இரண்டுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு எழுதிவிடு, வேலையாவது மிஞ்சும் என்றான் ஆன்ட்ரூஸ்.  மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அவள் சோறு வடித்து வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினாள்:

‘பொய்யாக டிக் போட்டது என் தவறு. என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தது தவறில்லை. நாளைக்கும் பார்ப்பேன்.’