சொந்தக் கொழுப்பும் பால் கட்டியும்

1. எதிர்மேசை

ஷர்மினி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நூறு காரணம் சொல்லியிருப்பேன். இப்போது ரிட்டையர் ஆகிவிட்டேன், உண்மையைச் சொல்லலாம். பொறாமை.

எங்கள் கிளினிக் பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. டாக்டர் சீனர், பிளாஸ்டிக் சர்ஜன். அவருக்குத் தமிழ் வணக்கத்தோடு முடிந்துவிடும். இருபது வருஷமாகத் தமிழ்ப் பெண்கள் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை அவர்களுக்கும் எடுத்துச் சொன்ன நர்ஸ் நான். பெயர் தனம்; நர்ஸை இங்கே மிஸி என்பார்கள். மிஸி தனம் இல்லாவிட்டால் இந்த கிளினிக் ஓடாது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்பைப் பெரிதாக்க வருகிறவர்களிடம் நான் அதிகம் பேச மாட்டேன். சிலிகான் இம்ப்ளான்ட் சாம்பிள்கள் வைத்த தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுப்பேன். பிறகு அரிசி டெஸ்ட். ஒரு பழைய ஸ்டாக்கிங்கில் அரிசியை அளந்து கட்டி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் மறுநாள் கூப்பிட்டு, "மிஸி, சைஸைக் குறைச்சுடுங்க, முதுகு வலிக்குது" என்பார்கள்.

ஷர்மினி வந்த அன்று என் தட்டு அலமாரிக்குள் போய்விட்டது. அவள் மேசையில் ஐபேட். "எல்லாரும் ஃபேட் டிரான்ஸ்ஃபர்தான் கேக்கறாங்க ஆன்டி" என்றாள். இருபது வருஷத்தில் கிளினிக்கில் என்னை ஆன்டி என்று கூப்பிட்ட முதல் ஆள். டாக்டர் வேறு சிரித்துக்கொண்டே, "ஷர்மினி டாக். யூ ரெஸ்ட் லா, தனம்" என்றார். இனிமேல் பேஷண்டிடம் அவள்தான் பேசுவாளாம். நான் எப்போது ரெஸ்ட் கேட்டேன்?

அவள் சுபாங் ஜெயாக்காரி, இருபத்தொன்பது வயது. வீட்டில் ஆங்கிலம்தான். அவள் தமிழ் தடுமாறும், ஆனால் சிரித்த முகம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

2. "கொழுப்பு ஜாஸ்தி"

சுமதி கிள்ளானில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவர். வயது முப்பத்தேழு, மூன்று பிள்ளைகள். "நாள் முழுக்க ஊரான் வீட்டுப் பொண்ணுக்கு ப்ளவுஸ்ல பின் குத்தி அழகு பாக்கறேன். நமக்குன்னு ஒரு தடவை பாக்கலாம்னு வந்தேன். ஆனா உள்ள பை வைக்கறது பயமா இருக்கு" என்றார். நான் பிரஷர் பார்க்க அந்த அறையில் இருந்தேன்.

ஷர்மினி ஐபேடைத் திருப்பிக் காட்டினாள். வயிற்றிலிருந்து குழாய் வைத்து எடுத்து, சுத்தம் செய்து, மார்பில் ஊசியால் ஏற்றுவது. எல்லாம் உங்கள் சொந்தக் கொழுப்பு, வெளிப் பொருள் இல்லை, தழும்பும் புள்ளி அளவுதான். பிறகு சுமதியின் இடுப்பைப் பார்த்து, மகிழ்ச்சியோடு சொன்னாள்:

"அக்கா, உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி. ரொம்ப நல்லது லா!"

ஒரு தமிழச்சியிடம் உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் என்ன ஆகும்? சுமதி ஒரு நிமிஷம் விறைத்துப் போனார். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என் மாமியார் பதினஞ்சு வருஷமா இதைத்தான் சொல்றாங்க. நல்லதுன்னு சொன்ன முதல் ஆள் நீதான் தங்கச்சி!"

நான் சொல்லியிருந்தால் கம்ப்ளெய்ன்ட் எழுதியிருப்பார்கள். எரிந்தது எனக்கு.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷர்மினி பொய் சொல்லவில்லை. ஏற்றிய கொழுப்பில் ஒரு பங்கு சில மாதத்தில் கரைந்துவிடும், எவ்வளவு நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, ஒரு கப் சைஸுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது, மறுபடியும் செய்ய வேண்டி வரலாம். இதையெல்லாம் சொன்னாள், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. நானும் இம்ப்ளான்ட் பற்றி அப்படித்தான் பேசுவேன். கேட்ட சைஸ் கிடைக்கும் என்பதை உரக்கச் சொல்வேன். ஆயுசுக்கும் தாங்காது, சுற்றிலும் இறுகிப்போகலாம், ஒருநாள் திறந்து மாற்ற வேண்டி வரலாம் என்பதை மெதுவாகச் சொல்வேன். அவரவர் சரக்கு அவரவருக்கு உசத்தி. சலூனில் ஏதோ ஜெல்லை ஊசியில் ஏற்றிக்கொண்டு, கல்லாக இறுகிய பிறகு எங்களிடம் ஓடி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வழியே இல்லை, வினை.

பிறகு ஃபார்ம். "பிரெஸ்ட்ல ஏதாச்சும் ப்ராப்ளம் இருந்துச்சா அக்கா?"

"ஒண்ணும் இல்ல. கடைசிப் பையனுக்குக் குடுக்கறப்போ பால் கட்டிக்கிச்சு. இடது பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கு."

"ஓ, கட்டியாச்சா? ஓகே ஓகே."

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை நம் பெண்கள் 'கட்டிக்கறது' என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். அதுபோலப் பாலையும் கட்டி நிறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். ஃபார்மில் 'பிரெஸ்ட்ஃபீடிங் ஸ்டாப்ட், நோ லம்ப்' என்று எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

அந்தக் கடைசிப் பையன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். ஏழெட்டு வருஷம் எந்தப் பாலும் கட்டிக்கொண்டு நிற்காது. அது கட்டி. எனக்கு அந்த நொடியே தெரியும்.

வாயைத் திறக்கவில்லை.

3. இரண்டு வாரம்

டாக்டர் அன்று மேலோட்டமாகத்தான் பார்த்தார். நாற்பதுக்குக் கீழே வயது, ஃபார்மில் குறை இல்லை, அதனால் ஸ்கேன் எழுதவில்லை. ஆபரேஷன் அன்று காலையில் மார்க் போடும்போது நன்றாகத் தொட்டுப் பார்ப்பார், கட்டி அகப்படும், யார் இந்த ஃபார்மை எழுதியது என்று கத்துவார். கத்தட்டும் என்று காத்திருந்தேன். தமிழ் தெரியாதவளைத் தமிழ் பேச வைத்தால் இப்படித்தான் என்று அவருக்கு உறைக்க வேண்டும்.

நடுவில் சுமதி ஒருமுறை போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "மிஸி, டயட் இருக்கலாமா? கொழுப்புக் குறைஞ்சிடுமா?" சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. "இருங்க, ஷர்மினியைக் கூப்பிடறேன்" என்று போனைக் கொடுத்துவிட்டேன். இருவரும் பத்து நிமிஷம் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். சொல்லாதது நல்லது என்றுகூட அப்போது தோன்றியது.

4. பர்ப்பிள் மார்க்கர்

ஆபரேஷன் காலை. சுமதியை உட்கார வைத்து டாக்டர் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை. "குட்" என்று சொல்லிவிட்டு மார்க்கரைத் திறந்தார்.

அகப்படவில்லை. அந்த வாய்ப்பை நான் யோசிக்கவே இல்லை.

இடது மார்பைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தார். கொழுப்பு ஏற்றிய பிறகு சில இடத்தில் அதுவே சின்னச் சின்ன உருண்டையாக இறுகுவது உண்டு. அப்புறம் எது பழைய கட்டி, எது புதுசு என்று ஸ்கேன் பார்க்கிறவரே குழம்புவார். சுமதியும் கையில் எது தட்டுப்பட்டாலும் ஆபரேஷன் செய்ததால்தான் என்று விட்டுவிடுவார். இப்போது சொன்னால் எப்போது தெரியும் என்று கேட்பார்கள்.

"டாக்டர், லெஃப்ட் சைட் காட் லம்ப்" என்றேன்.

அவர் சுமதியைப் படுக்க வைத்தார். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி மறுபடியும் தேடினார். விரல்கள் ஓர் இடத்தில் நின்றன. மார்க்கரை மூடினார். சுமதியிடம் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று என்னைச் சொல்ல வைத்துவிட்டு, என்னையும் கூட நின்ற ஷர்மினியையும் வெளியே கூட்டிப்போனார்.

"ஹூ டோல்ட் யூ?"

"பேஷண்ட் டோல்ட். ஃபர்ஸ்ட் டே."

"ஃபர்ஸ்ட் டே? அண்ட் யூ கெப்ட் கொயட்?"

இருபது வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஷர்மினி ஃபார்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பால் கட்டிக்கிச்சுன்னா லம்ப்பா ஆன்டி? எனக்குத் தெரியாதே" என்றாள். தெரியாதவள் அழுதாள், தெரிந்தவள் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்கேன், ஊசி வைத்து எடுத்த டெஸ்ட், ரிசல்ட் வர ஒன்பது நாள். கேன்சர் இல்லை என்று வந்தது. சாதாரணக் கட்டி. எடுத்துவிட்டார்கள்.

5. முறுக்கு டின்

நாலு மாதம் கழித்து சுமதி வந்தார், கையில் ஒரு டின் முறுக்கோடு. நேராக என் மேசைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸி, நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலைன்னா என் கதி என்ன?" என்றார்.

ஷர்மினி பக்கத்தில்தான் நின்றாள். போட்டுக் கொடுக்க அவளுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "ஆமாக்கா, ஆன்டிக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும். தப்பு என்னோடது" என்றாள்.

அவள் சிரிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், வயசைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது நல்ல மனசிலும் என்னை ஜெயித்துவிட்டுப் போகிறாளே! அதைத் தாங்க முடியாமல்தான், சத்தியமாக அந்த ஆத்திரத்தில்தான், வாயைத் திறந்தேன்.

"சுமதி, நீங்க ஃபார்முக்குச் சொன்ன அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு. இவ மாட்டிக்கட்டும்னு ரெண்டு வாரம் சும்மா இருந்தேன்."

சுமதி கையை எடுத்துக்கொண்டார். "நான் போன்கூடப் பண்ணேனே மிஸி" என்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஷர்மினியிடம், "இம்ப்ளான்ட்டா கொழுப்பான்னு மறுபடி முதல்லேர்ந்து சொல்லு. மிஸியும் உள்ள வரணும். தப்பா ஒரு வார்த்தை வந்தாலும் அங்கேயே சொல்லணும். வீட்டுக்குப் போய் நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார்.

போனேன். என் சாம்பிள் தட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டில் எதைச் செய்தாலும் இனிமேல் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அதைச் செய்திருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதை இந்தத் தடவை இருவருமே உரக்கச் சொன்னோம். இன்னொரு உருண்டை கையில் தட்டுப்பட்டால் அந்தப் பயம் தாங்காது என்று, சுமதி கடைசியில் சின்ன சைஸ் இம்ப்ளான்ட்டைத் தேர்ந்தெடுத்தார். என் கட்சி ஜெயித்தது, நான் ஜெயிக்கவில்லை. அன்று ஷர்மினியை மூன்று இடத்தில் திருத்தினேன். மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரே வருஷத்தில் அவள் தமிழ் தேறிவிட்டது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பொறாமை வரும், வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேஷண்ட் சொன்னது காதில் விழுந்தால் அப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் ஆற அமரப் பொறாமைப்படுங்கள்.