சாய்வெழுத்துப் பத்திரிகை

மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் இங்கிலீஷிலும் ஒரு பக்கம் வேண்டும் என்றார் சம்பந்தி. கும்மிடிப்பூண்டியில் மாப்பிள்ளை வேலை செய்த ஃபேக்டரியின் திறப்பு விழா அழைப்பிதழை மாதிரிக்குக் கொடுத்தனுப்பினார். அதில் எழுத்தெல்லாம் ஒயிலாக வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு கோடு பட்டையாக இருந்தால் பக்கத்துக் கோடு தலைமயிர் கனம்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனாலும் அழகாகப் பட்டது.

திருவள்ளூர் அச்சகத்தில் மெட்ராஸிலிருந்து அந்த மாதிரி ஈய எழுத்தை வரவழைத்து அடித்தார்கள். முதலில் அடித்த பத்திரிகை சாமிக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதைத் தனியாக வாங்கி, மறுநாள் காலையில் மஞ்சள் தடவி, பெருமாள் திருவடியில் வைக்கச் சொல்லிக் கோயில் பட்டரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டேனே தவிர, எழுத்தை உற்றுப் பார்க்கவில்லை. அங்கிருந்து நேராக மணவாள நகரில் சம்பந்தி வீட்டுக்குப் போய், பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினேன்.

பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாண்ணா இது? எம்புள்ள பேருல மொத எழுத்துக்கு ரெண்டு காலையும் காணோம். மூளியா கெடக்குது."

இங்கிலீஷ் பக்கத்தில் ‘N’ எழுத்தின் நடுவிலிருந்த பட்டைக்கோடு மட்டும் தனியாகக் கிடந்தது. இரண்டு பக்கத்து மெல்லிய கோடுகளும் இல்லை. கட்டைப் பிரித்தேன். அத்தனையும் அப்படியே. ஈயத்தின் மெல்லிய கோடுகள் தொடக்கத்திலேயே நசுங்கியிருக்க வேண்டும்.

"மிஷினு தப்புடி," என்றார் சம்பந்தி.

"நீ சும்மா இருய்யா. நேரா நிக்கிற எழுத்து ஒனக்கு ஆகல. சாஞ்சிக்கினு நிக்கிறதுதான் வேணும்னு கேட்டியே!" என்னிடம் திரும்பினார். "மனசு ஒப்பலண்ணா. தள்ளிப் போட்டுடலாம்."

தள்ளிப்போன கல்யாணம் நடந்து நான் பார்த்ததில்லை.

"சாமிக்கு வெச்சது மொத அச்சும்மா."

"அதுல காலு இருந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாக்கலம்மா."

"அப்போ வாங்க, போய்ப் பாத்துடலாம். பெருமாள்கிட்ட முழுசா இருந்தா கல்யாணம். அங்கயும் மூளின்னா என்னைக் கேக்காதீங்க."

அவர்கள் ரிக்ஷாவில் போனார்கள். பின்னால் சைக்கிளில் நான். பெருமாளே, உனக்கென்று வைத்ததையாவது குறையில்லாமல் வாங்கிக்கொண்டாயா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே மிதித்தேன்.

பட்டர் நடை சாத்தப் போகிற நேரம். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்த் தட்டில் எடுத்துவந்தார். பெயரின் மேலேயே ஒரு துளசி ஒட்டியிருந்தது. சம்பந்தியம்மா நகத்தால் அதை மெல்ல எடுத்தார். நான் பத்திரிகையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"இருக்குது," என்றார். இன்னொரு முறையும் சொன்னார்.

அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். முடி போல இரண்டு கோடுகள், ஈர மஞ்சளுக்குப் பக்கத்தில் கலையாமல் நின்றன.

அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மத்ததுக்கெல்லாம் மை தொட்டுக் காலு போட்டுடுங்கண்ணா."

வீட்டில் மகளே உட்கார்ந்து போட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவர் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். எழுத்தின் மேல் மட்டும் குனிந்து குனிந்து பேனா நிப்பை ஓட்டினாள். எவ்வளவு முயன்றும் அச்சைப் போல மெல்லிசாக வரவில்லை.

"பட்டையா வுழுதுப்பா," என்றாள்.

பட்டையாகவே இருக்கட்டும் என்றேன்.