சந்தனம் பூசிய மவுஸ்

போன வாரம் புது லேப்டாப்பில் பல்கலைக்கழக மின்னஞ்சலைப் போட்டுக்கொண்டேன். முகவரியைத் தட்டினேன், பாஸ்வேர்டைத் தட்டினேன், கைபேசியில் 'நீங்கள்தானா' என்று கேட்டது, ஆமாம் என்றேன். அவ்வளவுதான். காப்பியை ஆற்றி முடிப்பதற்குள் மூன்று வருடக் கடிதங்களும் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. நான் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் ஏதோ கேட்கப்போகிறது, எங்கேயோ ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்லப்போகிறது என்று ஒரு பழைய பயம். அந்தப் பயத்தோடு, நம்பினால் நம்புங்கள், சந்தன வாசனையும் வந்தது.

வாசனைக்குக் காரணம் அப்பா. துறைமுக அலுவலகத்தில் வேலையாகக் கல்கத்தாவுக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் ஜாதவ்பூர் பக்கம் ஒரு மாடி வீட்டில் தங்கிவிட்டவர். முப்பது வருடம் வங்காளிகள் நடுவே இருந்தும் அவர் பேச்சில் திருநெல்வேலி ஒரு சொட்டுக் குறையவில்லை. பஞ்சாங்கமும் அங்கிருந்துதான் தபாலில் வரும். கீழ்வீட்டில் ஒரு பௌதி இருந்தாள். பௌதி என்றால் அண்ணி. தெருவுக்கே அவள் அண்ணி. அவள் வீட்டில் வைத்திருக்கும் வங்காளப் பஞ்சாங்கத்தை, பாஞ்சி என்பார்கள், அப்பா ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. "திதியவே தப்பாப் போட்டிருக்கான், இதப் பாத்து எப்படித்தான் கும்பிடுதாங்களோ" என்பார். பௌதியும் சளைத்தவளில்லை. எங்கள் பஞ்சாங்கம் ரயிலில் வருவதால் எப்போதும் தாமதம் என்பாள்.

நான் அப்போது ஆய்வுப் பட்டம் முடிக்கும் நிலையில் இருந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பல்கலைக்கழகக் கடிதங்களைப் பார்க்கலாம் என்று சொல்லி, கணினி மையத்தில் இருந்த தபன்தா, அங்கே அண்ணனைத் தாதா என்பார்கள், இரண்டு தாள்களை அச்செடுத்துக் கொடுத்தார். உள்ளே வரும் கடிதத்துக்கு ஒரு சர்வர், வெளியே போவதற்கு வேறொன்று, இரண்டுக்கும் தனித்தனி எண். ஓர் எண் பிசகினாலும் ஒன்றும் நடக்காது. ஏன் நடக்கவில்லை என்றும் சொல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டி, சாயங்காலம் முதல் கடிதம் வந்து விழுந்தபோது வீட்டையே கூப்பிட்டுக் காட்டினேன். நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி வந்த மூன்றாவது எச்சரிக்கை அது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 'சர்வரில் ஒரு பிரதியை விட்டுவை' என்று ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்த கடிதத்துக்குத் தபாலாபீஸில் எதற்குப் பிரதி என்று, பெரிய மேதை மாதிரி, அந்த டிக்கை எடுத்துவிட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கடிதங்களைத் தானே எடுத்துக்கொள்ளும்படியும் செய்து வைத்தேன்.

அந்த வருடம் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருட வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். தொலைபேசியில் நேர்காணல் முடிந்தது. முடிவை செவ்வாய்க்கிழமை எழுதுவோம், தேர்வானால் புதன்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் சம்மதம் வர வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். அங்கே அலுவலகம் மூடும்போது இங்கே இரவு எட்டரை. ஒரு வருடமாக எழுதிப்போட்ட இடங்களில் பதில் பேசியதே அவர்கள் மட்டும்தான். அவர்களுக்குச் செவ்வாய், புதன். எங்களுக்கு நவராத்திரியின் அஷ்டமி, நவமி.

எங்கள் வீட்டில் அஷ்டமி காலையிலேயே புத்தகங்கள் பூஜைக்குப் போய்விடும். கம்ப்யூட்டரைத் தூக்க முடியாது. அதனால் அப்பா மவுஸைக் கழற்றி, வாலைச் சுருட்டி, என் ஆய்வேட்டின் மேல் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார். மற்றதை அப்படியே பட்டு வேட்டியால் போர்த்தினார். "தசமி பொறக்குற வரைக்கும் யாரும் தொடப்படாது" என்றார். நான் கவலைப்படவில்லை. கடிதத்தை வெளியே சைபர் கஃபேயில் பார்த்துக்கொள்ளலாமே. கம்ப்யூட்டரை அணைக்கவில்லை என்பதும் ஞாபகத்தில் இல்லை.

அஷ்டமி சாயங்காலம் துர்கா பூஜைப் பந்தல் கூட்டத்தில் நீந்திப் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நவமி காலையிலும் இல்லை, மத்தியானமும் இல்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா சுண்டல் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. நாலரை மணி வாக்கில்தான் ஒன்று உறைத்தது. இரண்டு நாளாக ஒரு விளம்பரக் கடிதம்கூட வரவில்லை. நல்ல செய்தி வராமல் இருக்கலாம், விளம்பரம் எப்படி வராமல் இருக்கும்?

தபன்தாவைக் கூப்பிட்டேன். அவர் தன் தெருப் பந்தலில் இருந்தார். பின்னால் டாக் மேளம் பிய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கத்திச் சொன்ன பிறகு வங்காளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வேற எந்த மெஷின்லயாவது இந்த மெயில் கணக்கைப் போட்டு வச்சிருக்கியா?"

திரும்பிப் பார்த்தேன். பட்டு வேட்டிக்குள்ளே விசிறி சுற்றும் சத்தம் மெதுவாகக் கேட்டது.

"அப்பா, லெட்டர் உள்ள இருக்கு. பூஜையில இருந்துக்கிட்டே எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கு, சர்வர்ல ஒண்ணும் மிச்சமில்ல."

அப்பா மவுஸைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். "தசமி ராத்திரி பதினோரு மணிக்கு மேலல்லா பொறக்கு."

"எட்டரைக்கு அவங்க ஆபீஸ் மூடிருவாங்கப்பா."

அவர் கூடத்தில் இரண்டு நடை நடந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்க முடியாமல் போகிறார் என்று நினைத்தேன், கோபமும் வந்தது. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். கக்கத்தில் பௌதி வீட்டுப் பாஞ்சி.

"அஞ்சரையோட நவமி முடிஞ்சிருதுட்டி. அந்தம்மா வாசிச்சுக் காட்டிச்சு."

"நீங்கதானப்பா அதுல எல்லாமே தப்புன்னு சொல்லுவீங்க?"

"தப்பு என்ன தப்பு. நம்ம யாரு ஊருல இருக்கோம்? அவங்க ஊருல தசமி வந்துட்டுன்னா வந்துட்டுதான்."

சரியாக ஐந்தரைக்குச் சூடம் காட்டி, பாலை நைவேத்தியம் வைத்து, மவுஸை எடுத்து என் கையில் கொடுத்தார். சந்தனம் காய்ந்து பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது, அழுத்தி அழுத்தித்தான் நகர்ந்தது. விளம்பரங்களுக்கு நடுவே அவர்கள் கடிதம் இருந்தது. என்னை எடுத்திருந்தார்கள். சம்மதம் என்று நாலு வரி எழுதி அனுப்பினேன்.

"போயிட்டா?"

"போயிட்டுப்பா."

அவர் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல செய்திகள் வந்திருக்கின்றன. அன்றைக்கு வந்த நிம்மதி எதிலும் வரவில்லை. ஆறிப்போன சுண்டலை ஒரு கிண்ணம் முழுக்கத் தின்றேன். பௌதி மட்டும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: மதராசி தாதா கடைசியில் நம் பாஞ்சிக்கு வந்துவிட்டார்.

அந்த டிக்கை அன்றைக்கே திரும்பப் போட்டேன். இப்போது அந்தக் கட்டத்தையே காணோம். கடிதம் சர்வரிலும் இருக்கிறது, லேப்டாப்பிலும் இருக்கிறது, கைப்பையில் இருக்கும் கைபேசியிலும் இருக்கிறது. தொலைக்க நினைத்தாலும் தொலையாது. அந்த வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். பௌதி இல்லை, அப்பாவும் இல்லை. போன சரஸ்வதி பூஜைக்கு லேப்டாப்பைப் பட்டுத்துணியால் மூடி, பொட்டு வைத்துக் கும்பிட்டு நிமிர்வதற்குள் கைபேசி அதிர்ந்தது. விளக்கு முன்னால் நின்றபடியே கடிதத்தைப் படித்துப் பதிலும் போட்டேன். தொடாதே என்று சொல்ல வீட்டில் யாருமில்லை. சொல்லிவிட்டு, எனக்காகச் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போகவும் யாருமில்லை.