கூட்டாமல் விட்ட வீடு

இராசேஸ்வரிக்கு ஆர்க்டிக் என்றால் குளிர்பெட்டியின் மேல்தட்டுத்தான். அங்கே ஒரு குடும்பம் ஆசைப்பட்டுப் பாய்க்கப்பலில் போகிறது என்றால், காசு கூடினால் புத்தி குறையும் என்றே முதலில் நினைத்தாள். ஆனால் தான் வேலை செய்யும் இத்தாலிய வீட்டு எசமானி சிஞ்ஞோரா லிவியாவின் மகள் இனெஸைப் பிறந்த கிழமையிலிருந்து தூக்கி வளர்த்தவள் அவள். வாயை மூடிக்கொண்டு ஆயத்தத்தில் இறங்கினாள்.

சிஞ்ஞோரா பன்றித்தோலில் தையல் போட்டுப் பழகினாள், கடலில் டாக்டர் கிடையாது என்று. அவள் புருஷன் கப்பல் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டினார். இனெஸ் கதிரைக் கால் எல்லாம் கயிற்று முடிச்சுப் போட்டாள். இராசேஸ்வரி கடதாசிப் பெட்டிகளைக் கிழித்தெறிந்துவிட்டு அரிசி பருப்பைப் போத்தல்களில் அடைத்தாள். பெட்டி மடிப்பில் ஒரு கரப்பான் முட்டை இருந்தாலும் கப்பல் முழுக்கக் கரப்பான்தானாம். மாதக்கணக்கில் கெடாத பருத்தித்துறை வடையும் டின் டின்னாகச் சுட்டுக் கொடுத்தாள்.

"குடும்பமாக ஆயத்தமாகிறோம்" என்று சிஞ்ஞோரா வருகிறவர்களிடம் சொல்லும்போது கை இராசேஸ்வரியையும் சேர்த்துக் காட்டும். கணவர் கோபாலசிங்கம் செத்தபிறகு அவளை யாரும் எதிலும் சேர்த்ததில்லை. அந்தக் கை அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவர்கள் திரும்பும்வரை வீடு சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு. சாவியும் துப்புரவு வேலையும் இராசேஸ்வரிக்கு. ஏஜென்சியோடு வாதாடி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே சிஞ்ஞோராதான். "நாங்கள் படியிறங்கியதும் கூட்டிக் கழுவிவிடு ராசி, பின்னேரம் ஆட்கள் வருகிறார்கள்" என்றாள்.

இராசேஸ்வரி தலையை ஆட்டினாள். பயணம் போனவர்கள் போய்ச்சேருமுன் யாராவது வீடு கூட்டுவார்களா? பிணம் எடுத்த வீட்டையல்லவா உடனே கூட்டிக் கழுவுவது! ஆனால் புறப்படுகிற வாசலில் நின்று பிணப்பேச்சு எடுக்கலாமா? அதனால் விளங்கப்படுத்தவும் முடியவில்லை.

"போட்டு வாறன் ராசியம்மா," என்று இனெஸ் கட்டிப்பிடித்தாள். இராசேஸ்வரி பழக்கிய தமிழ்.

கார் துறைமுகப் பக்கம் திரும்பி மறைந்தது. அன்றிரவு தங்கப்போவது உஸ்திக்கா தீவில். போய்ச்சேர்ந்ததும் தகவல் வரும். இராசேஸ்வரி கூட்டுகிற தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் குந்தினாள். நிலத்தில் ரொட்டித் துகளும், இனெஸின் தலைமயிரும், அறுந்த கயிற்றுத் துண்டுகளும். அவள் ஒன்றையும் தொடவில்லை.

பின்னேரம் ஏஜென்சி ஆள் யுகெத் வந்தான். மொரீசியஸ்காரன், தமிழ்ப் பரம்பரை, ஆனால் தமிழ் தெரியாது. வீட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

"அவர்கள் இன்னும் போய்ச்சேரவில்லை. கொஞ்சம் பொறு," என்றாள் இத்தாலிய மொழியில்.

"விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார்கள், அம்மா!"

அவன் தும்புத்தடியை எடுக்க, இவள் பறித்தாள். அவன் கெட்டவனல்ல, கெஞ்சியும் பார்த்தான். கடைசியில் வேறொருத்திக்கு போன் அடித்துவிட்டுக் கையை நீட்டினான். இராசேஸ்வரி சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். தும்புத்தடியை மட்டும் கையோடு கொண்டு போனாள், பைத்தியக்காரி மாதிரி.

போகிற வழியில், கபோ சந்தையில் மீன்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது. சிஞ்ஞோராவின் குரல்; ஏஜென்சி அதற்குள் அவளிடம் சொல்லிவிட்டது. "உன்னை நம்பித்தானே சாவியைத் தந்தேன், ராசி. எங்கள் மீது கோபமா?" பின்னாலிருந்து இனெஸ் கத்தினாள்: "வந்திட்டம் ராசியம்மா! ஒரு டின் வடை முடிஞ்சுது!"

இராசேஸ்வரி சந்தை நடுவே நின்று சிரித்தாள், அழுதாள். "சந்தோசம்" என்று மட்டும் பதில் போட்டாள். மற்றதை எப்படிச் சொல்வது? அவர்கள் இன்னும் எத்தனை கடல் போகவேண்டும்.

அடுத்த நாள் காலை வேலை தேடிப் புறப்பட்டவள், தன் ஒற்றை அறையின் வாசலில் திரும்பிப் பார்த்தாள். தும்புத்தடி மூலையில் நின்றது. அவள் போய்ச்சேரும்வரை அதைத் தொடாமல் காத்திருக்க, உள்ளே ஒருவரும் இல்லை.