திருப்பி அனுப்பும் குமுஷாய் அக்கா

கோச்கோர் என்கிற எங்கள் மலையூர்க் கடைத்தெருவில் ரொட்டிக்கடைக்கும் செல்போன் ரிப்பேர்காரனுக்கும் நடுவில் இருப்பது என் கடை. கடை என்று பேர்தான், நான் எதையும் விற்பதில்லை. ஊர் ஜனங்கள் செல்போனில் படம் பார்த்துத் துணி கேட்பார்கள். எங்கோ இருக்கிற கிடங்கிலிருந்து பொட்டலங்கள் லாரியில் வந்து என்னிடம் இறங்கும். கேட்டவர்கள் வந்து பிரித்து, திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்து, பிடித்தால் எடுத்துப்போவார்கள். பிடிக்காவிட்டால் மேசைமேல் எறிந்துவிட்டுப் போவார்கள். எறிந்ததை மடித்து, பையில் அடைத்து, ஒட்டி, வந்த வழியே திருப்பி அனுப்புவது என் தலையெழுத்து. பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்தப் பிழைப்பு.

எல்லோரும்தான் திருப்புகிறார்கள். ஆனால் குமுஷாய் அக்கா மாதிரி திருப்பியவர்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. ஒன்பது கேட்பாள், எட்டைத் திருப்புவாள். ஒன்பதாவதை எடுத்துக்கொள்ளும்போதும் எனக்கு ஏதோ உபகாரம் செய்கிற முகம்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் அண்டா கழுவிய கை அவளுடையது. அந்தக் கை ஒரு சட்டையைத் தொட்டாலே சட்டைக்கு உதறல் எடுக்கும். முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புவாள். "வெளிப்பக்கம் எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க" என்பாள். தையலை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாள். கைக்குட்டையை எச்சிலில் நனைத்து அக்குளில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று சோதிப்பாள். துணியைக் கைக்குள் கசக்கிப் பிடித்து இருபது எண்ணி, சுருக்கம் நிற்கிறதா என்று பார்ப்பாள். ஜிப்பை ஏழு தடவை ஏற்றி இறக்குவாள். பிறகு போட்டுக்கொண்டு என் கம்பளத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இல்லாத கெண்டியிலிருந்து இல்லாத கிண்ணத்தில் டீ ஊற்றுவாள்.

"உக்காந்து டீ ஊத்த முடியாத சட்டை சட்டையே இல்லடி. நின்னுக்கிட்டே இருக்கறதுக்கு நான் என்ன சிலையா?"

கம்பளித் துணி என்றால் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தீக்குச்சி கிழிப்பாள். ஆட்டுத்தலை சுடுகிற நாற்றம் வந்தால் கம்பளி. பிளாஸ்டிக்காக உருண்டு சொட்டினால் அவ்வளவுதான், கிடங்கில் உள்ள ஏழு தலைமுறைக்கும் திட்டு விழும்.

"அக்கா, நூலை உருவினா அதுக்கு நான் பதில் சொல்லணும்" என்று ஒருநாள் கத்தினேன்.

"நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே? பரிசோதனை பண்றவளத் தடுக்கலாமா?"

"பரிசோதனை பண்றவங்க காசு குடுத்து வாங்கிட்டுப் பண்ணுவாங்க."

"வாங்குனப்புறம் பண்றதுக்குப் பேரு பரிசோதனை இல்ல, அழுகை."

அவள் பட்டவள். தொண்ணூறுகளில், நாடே சந்தைக் கூடாரமாகிக் கிடந்த காலத்தில், கல்யாணத்துக்கென்று ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். பந்தி முடிவதற்குள் அடிப்பாகம் கழன்றுவிட்டது. உள்ளே முழுக்க அட்டை. ஜனவரிப் பனியில் ரொட்டிப் பையைக் காலில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாளாம். அன்றைக்குப் பிறகு கடைக்காரன் பேச்சையும் படத்தையும் அவள் நம்பியதில்லை.

அவளால் எனக்கு ஆதாயமும் உண்டு. சில பெண்டுகள் உடுப்பை எடுத்துப்போய், விலையட்டையை முதுகுக்குள் செருகிக்கொண்டு விருந்துக்குப் போட்டுவிட்டு, பதினாலு நாள் கெடு முடிவதற்குள் "அளவு சரியில்லை" என்று கொண்டுவந்து நிற்பார்கள். அக்கா வரிசையில் நின்றபடியே மூக்கை உறிஞ்சுவாள். "ஏம்மா, உன் கவுனு விருந்துல பெஷ்பர்மாக் சாப்பிட்டிருக்கே. கறி கொஞ்சம் வேகாமப் போச்சோ?" அவ்வளவுதான். கவுன்காரி கவுனோடு ஓடிவிடுவாள்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அக்காவின் ஒரே மகள் அய்பாரா. அவளை முதலில் கட்டிக்கொடுத்த இடத்தில் நாலே மாதம். சமையல் சரியில்லை, உடம்பு ஒல்லி, நாத்தனாருக்குக் குனிந்து வணக்கம் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாகக் குற்றம் கண்டுபிடித்து, ஒரு பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஒருநாள் என் கடை வரிசையில் ஒருத்தி, "ஆத்தாக்காரி சட்டையத் திருப்பறா, சம்பந்தி வீட்ல மகளத் திருப்பிட்டாங்க" என்றாள். அக்கா திரைக்குப் பின்னால் இருந்தாள், அவள் காதிலும் விழுந்தது. கையில் இருந்த சட்டையைப் பார்க்காமலேயே எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் மூன்று வாரம் வரவில்லை. அப்படிச் சொன்னவளின் பொட்டலத்தை நான் இன்றைக்கும் கடைசியாகத்தான் தேடுவேன். தேடினாலும் கிடைக்க நேரமாகும்.

அதெல்லாம் ஆறு வருஷத்துக்கு முந்தி. போன கோடையில் அய்பாராவுக்கு மறுபடி ஒரு இடம் அமைந்தது. பாலிக்சியில் ரயில்வேயில் வேலை பார்க்கிற பையன், தங்கமான குணம். அவன் தாய் ஜூராகான் நெடுஞ்சாலை ஓரத்தில் புகைபோட்ட மீன் விற்பவள், கைம்பெண். கல்யாணம் முடிந்து, ஆகஸ்டில் பெண்வீட்டாரை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். விருந்தென்றால் கியீத் உண்டு. சம்பந்திக்குச் சம்பந்தி உடுப்புப் போர்த்த வேண்டும். போர்த்தியதை அங்கேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாம் என்கிற பேச்சே அதில் கிடையாது.

இதில்தான் அய்பாராவுக்குப் பயம். விருந்துக்கு நாலு நாள் முன்னால் என் கடைக்கு வந்து, வரிசை போகும்வரை காத்திருந்து சொன்னாள்:

"சபிராக்கா, நீங்களும் எங்ககூட வரீங்கல்ல? அம்மா பக்கத்துலயே உக்காருங்க."

"எதுக்குடி?"

"அத்தை, எங்கம்மாவுக்கு ஏதோ கோட்டு வாங்கி வச்சிருக்காங்க. அம்மா அதை உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் அந்த வீட்ல ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. மறுபடி பெட்டியத் தூக்கிட்டு வர எனக்குத் தெம்பு இல்லக்கா."

அவள் கண் கலங்கிவிட்டது. "உங்கம்மா வாய்க்கு நான் பொறுப்பு" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்னவுடனே பயம் வந்தது. அக்காவின் வாய்க்கு அக்காவே பொறுப்பில்லை.

பாலிக்சி வீட்டில் பதினெட்டுப் பேர் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே அண்டா கொதிக்கிறது, உள்ளே டீக்கு வெந்நீர் போடுகிற சமோவர் கொதிக்கிறது. அக்கா ஒரு மாதம் அலசித் தேர்ந்தெடுத்த கோட்டை முதலில் ஜூராகானுக்குப் போர்த்தினாள். நெருப்பு, எச்சில், சப்பணம் எல்லாம் தாண்டி வந்த கோட்டு அது. ஜூராகானுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. "கிழியக் கிழிய உடுத்தணும்!" என்று எல்லோரும் வாழ்த்தினார்கள்.

அடுத்து ஜூராகான் எழுந்து, காகிதம் சுற்றிய ஒன்றைப் பிரித்தாள்.

அந்தக் கோட்டு எனக்குத் தெரியும். ஊதா நிறம், பொன் பொத்தான். படத்தில் மகாராணி, பிரித்தால் சாக்குப்பை. என் கடைக்கு மட்டும் பதினொன்று வந்து பதினொன்றும் திரும்பிப்போனது. முதலாவதாகத் திருப்பியவள் குமுஷாய் அக்கா. "இது கோட்டு இல்ல, கோட்டுக்குப் பாடை" என்று அவள் சொன்னது ரொட்டிக்கடை வரைக்கும் கேட்டது.

ஜூராகான் அதை அவள் தோளில் போர்த்தினாள். ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. அய்பாரா டீக்கெண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் அக்காவின் தொடையைக் கிள்ளினேன்.

அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். பழகிய கை. தன்னையறியாமல் கை ஓரத்தையல் பக்கம் போனது, இரண்டு கட்டைவிரலும் சேர்ந்தன, ஒரு சின்ன இழுப்பு. சர்ரென்று ஒரு சாண் நூல் கையோடு வந்துவிட்டது. அக்கா அதைச் சட்டென்று உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். ஆனால் சத்தம் கேட்டவர்களுக்குக் கேட்டிருக்கும்.

ஜூராகான் நேராகவே கேட்டுவிட்டாள். "சம்பந்தியம்மா, துணி விஷயத்துல உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு இந்த ஊர் வரைக்கும் பேச்சு. மறைக்காம சொல்லுங்க, கோட்டு எப்படி?"

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கி மோவாயில் சொட்டியது.

"சூடா இருக்கு" என்றாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். ஆகஸ்ட் மாதம், சமோவர் பக்கத்தில், கம்பளிபோல நடிக்கிற பிளாஸ்டிக் கோட்டுக்குள் இருந்தால் சூடாகத்தானே இருக்கும்! யாரோ ஒரு கிழவர் முதலில் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. ஜூராகான் "அப்பாடா" என்று அக்கா பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பத்து நாளா தூக்கமில்ல சம்பந்தியம்மா. செல்போன்ல துணி வாங்கறது எனக்கு இதான் மொதத் தடவை. இங்க பொட்டலக் கடைப் பொண்ணு, போட்டுப் பாருங்க, பிடிக்கலன்னா விட்டுட்டுப் போங்கன்னா. எப்படி விட்டுட்டுப் போறது? யாரோ அவ்வளவு தூரத்துல இருந்து என் பேரை எழுதி அனுப்பியிருக்காங்க. ஒரு வீட்டுல ரொட்டி வேணாம்னாக்கூட ஒரு துண்டு பிச்சு வாயில போட்டுட்டுத்தானே எந்திரிக்கறோம்? வெக்கமாப் போச்சு. பிரிக்காமலே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."

"பிரிக்காமலேயா?" அக்கா கேட்டாள். அவள் குரலில் அப்படியொரு மிருது இருக்குமென்று எனக்குத் தெரியாது.

"பிரிக்காமலே."

அக்கா மூடிய கையைப் பைக்குள் விட்டு நூலை அங்கே விட்டுவிட்டு, டீக்கிண்ணத்தை எடுத்தாள். அய்பாரா ஊற்றினாள்.

திரும்பும்போது அக்காவின் புருஷன் எசென் வண்டி ஓட்டினார். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் வண்டி கொதித்தது. அக்கா கோட்டைக் கழற்றவில்லை. சட்டைக் கழுத்து நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, ஊரு தாண்டியாச்சு, கழட்டு. விலையட்டை இன்னும் கோட்டுக் கைக்குள்ள தொங்குது. பதினாலு நாள் ஆகல. பாலிக்சியில கடை வச்சிருக்கறவ எனக்குச் சிநேகிதி. அவகிட்ட சொன்னா இதை எடுத்துக்கிட்டு வேற நல்லதா மாத்தித் தருவா. சம்பந்தியம்மாவுக்கும் நஷ்டம் இல்ல, உனக்கும் மானம் போகாது."

நல்லதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"சபிரா, எம்பொண்ணோட மொதக் கல்யாணத்தப் பத்தி அந்தம்மா உன்கிட்ட எதாவது கேட்டாளா?"

"இல்லயே."

"எங்கிட்டயும் கேக்கல. ஊருல யாருகிட்டயும் விசாரிக்கல. பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. நான் ஒரு சட்டைக்கே ஒம்பது கேள்வி கேக்கறவ. அவ எம்பொண்ண உள்பக்கம் திருப்பிப் பாக்காமலே சேத்துக்கிட்டாடி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா கோட்டின் கைக்குள் விரலை விட்டு விலையட்டையைப் பிடித்து இழுத்தாள். அது மட்டும் நல்ல உறுதியான நூலில் கட்டியிருந்தது, வரவில்லை. பல்லால் கடித்து அறுத்து, காற்றில் விட்டாள்.

"எசென், ஜன்னலை ஏத்து. காத்துல தையல் விட்டுரப்போவுது."

அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றினார். அந்த வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மூன்று பேரும் வேர்த்துக் கொட்டியபடி, கோச்கோர் வந்து சேர்ந்தோம்.