மூன்று அடிக்கு அரை அடி குறைவு

செல்வதாஸை ஒரு இடத்தில் உட்கார வைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. கல்யாணப் பந்தியில் பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும்போதே, முந்தின நாள் மாட்டிய ஹீட்டரின் கொக்கி சரியாக விழுந்ததா என்று ஒரு சந்தேகம் வந்துவிடும்; அவ்வளவுதான், பாயசம் வருவதற்குள் ஆள் பைக்கில் ஏறியிருப்பான். நாஞ்சில் நாட்டில் பிறந்துவிட்டு பாயசத்தை விட்டுப் போகிறவனை என்ன சொல்வது? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் என்று தக்கலைக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

அவன் வேலை கோழிப்பண்ணைகளில் கேஸ் ஹீட்டர் மாட்டுவது. பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளுக்குத் தாய்க்கோழியின் சூடு வேண்டும். இரண்டாயிரம் குஞ்சுக்குத் தாய்க்கோழிக்கு எங்கே போக? அதனால் தலைக்கு மேலே சங்கிலியில் ஹீட்டரைத் தொங்கவிடுவார்கள். கேஸில் சிவந்து எரிகிற அந்தத் தட்டு கீழே சூட்டைப் பொழியும், குஞ்சுகள் உமியின் மேல் பரவி நிற்கும். நல்ல சாதனம்தான். ஆனால் அதற்கு இடம் விட வேண்டும். கீழே உமியிலிருந்து நாலு அடி. பக்கத்தில் தொங்கும் படுதாவிலிருந்து இரண்டரை அடி. மேலே எரியக்கூடிய பொருள் எதுவானாலும் மூன்று அடி. ஹீட்டரோடு வரும் புத்தகத்தில் படம் போட்டே எழுதியிருக்கிறான். யார் படிக்கிறார்கள்?

செல்வதாஸுக்கு அது மனப்பாடம். அது எப்படி மனப்பாடமானது என்பதை அவன் யாருக்கும் சொன்னதில்லை, பெண்டாட்டிக்குக்கூட. சௌதியில் ஒரு பெரிய பண்ணையில் ஒன்பது வருடம் இதே வேலை. கடைசி வருடம், 2005 ஜனவரியில், ஒரு ஷெட்டில் கூரையின் உள்பக்கம் புதிதாக நுரைத்தகடு ஒட்டியிருந்தார்கள். ஹீட்டருக்கும் அதற்கும் இரண்டு அடிதான் இருந்தது. மேலதிகாரி அவசரப்படுத்தினான். ஒரு அடிதானே என்று இவனும் கையெழுத்துப் போட்டான். ஐந்தாம் நாள் ஷெட் எரிந்தது. மனிதர் யாருக்கும் ஒன்றுமில்லை. ஒன்பதாயிரம் குஞ்சுகள் போயின. மறுவாரமே அவனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். வீட்டில் முதுகு வலி என்று சொன்னான். அன்றைக்குத் தொடங்கியது இந்த நிலைகொள்ளாமை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்!

2011 ஆடியில் அவன் அக்கா ராஜபாய் ஷெட் போட்டாள். இரணியலுக்குப் பக்கத்தில், கணவன் விட்டுப்போன பதினெட்டு சென்டில். ஓணத்துக்குக் கோழி கேரளத்துக்குப் போகும்; நல்ல விலை கிடைக்கும். முதல் ஈடு இரண்டாயிரம் குஞ்சு. ராஜபாய் லேசுப்பட்டவள் அல்ல. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் தென்னோலை பின்னிய கிடுகு வரிசையாகக் கட்டிவைத்திருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. செல்வதாஸ் டேப்பைப் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, ஹீட்டருக்கு நேர மேல உள்ள கிடுகை மட்டும் இறக்கிப்போடு. மூணு அடி வேணும். இஞ்ச ரெண்டரைதான் நிக்கு."

"அரை அடிக்கு வேண்டி கூரையப் பிரிக்கணுமா? நீ என்னடே பேசுகே? போன மாசம் கெட்டின கிடுகு. வெயிலு காலத்துல கோழி செத்தா நீயா வந்து விசிறுவே?"

"புஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கான், அக்கா."

"புஸ்தகம்! எனக்க தம்பி சௌதியில போர்மேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு நடக்கேன். நீ என்னன்னா பயந்து சாகுகே."

போர்மேன் என்ற அந்தச் சொல் அவன் வாயை அடைத்துவிட்டது. அதற்கு மேல் பேசினால் எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும். நாலு ஹீட்டரையும் தரையிலிருந்து நாலு அடிக்குத் தொங்கவிட்டான். "செரி, அரை அடிதானே. ஆனா சங்கிலியில ஒரு கண்ணிகூட மேல தூக்கப்பிடாது, கேட்டியா?" என்று சொல்லிவிட்டு வந்தான். ஒரு அடிதானே என்று சொன்ன அதே வாய், இப்போது அரை அடிதானே என்றது. மனிதனுக்கு எப்போதுதான் புத்தி வரும்?

மறுநாள் விடியற்காலையில் குஞ்சுகள் வந்து இறங்கின; பத்து மணிக்கு ஷெட்டில் ஜெபம். போதகர் வந்து ஜெபித்த பிறகுதான் எந்தப் புதுக் காரியமும் எங்கள் பக்கத்தில் தொடங்கும். கடையானாலும் சரி, கோழியானாலும் சரி. செல்வதாஸ் தக்கலையில் ஒரு வேலையைச் சாக்குச் சொல்லி நழுவியிருந்தான். கடையில் வாஷர் வாங்கினான். எண்ணிப் பார்க்காமலே பையில் போட்டான். டீ சொன்னான், குடிக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. குளிருக்கு அக்கா நாலு ஹீட்டரையும் முழுசாகத் திறந்துவிட்டிருப்பாள் என்று தோன்றியது. டீக்காசை வைத்துவிட்டு பைக்கை எடுத்தான். நல்லவேளை, வழியில் ரயில்வே கேட் திறந்து கிடந்தது.

ஷெட்டுக்குள் நாற்பது பேர் நின்றார்கள். எல்லார் கண்ணும் மூடியிருந்தது. போதகர் ஆதியாகமத்தில் தொடங்கிப் பறவைகளைப் படைத்த நாள்வரைக்கும் வந்திருந்தார். செல்வதாஸ் மேலே பார்த்தான். நடுவில் இருந்த இரண்டு ஹீட்டரும் நாலு அடியில் இல்லை. போதகரின் இரண்டு பக்கத்திலும், கிடுகுக்கு ஒரே ஒரு அடி கீழே, செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தன.

"இத யாரு தூக்குனது?" என்று பக்கத்தில் நின்ற ஞானையனின் காதில் கேட்டான். ஞானையன் சபையின் கமிட்டிக்காரர், எல்லாக் காரியத்திலும் கை வைக்கிறவர்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நான்தான் மக்கா. போதகர் நடுவுல நிக்கணுமில்லா? அவருக்க மேல முட்டப்பிடாதுன்னு சங்கிலிய ஏத்தி மாட்டிவிட்டேன். ஆமென் சொன்ன ஒடனே இறக்கிப்போடுவேன்."

செல்வதாஸ் ஒரு தீவனச் சாக்கின் மேல் ஏறிக் கிடுகைத் தொட்டான். சூட்டில் கை அங்கே நிற்கவில்லை. காய்ந்த ஓலை வறுபடுகிற மணம் மூக்கில் ஏறியது. கண்ணை மூடி நின்ற நாற்பது பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. இறங்கி ஓடினான், வெளியே போய் சிலிண்டரை அடைத்தான். இரைச்சல் நின்றது. ஜெபமும் நின்றது.

"ஏலே! ஜெபத்துக்கு நடுவுலயா?" ராஜபாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "குஞ்சு வெறச்சுப் போவும். தொறந்து விடுலே."

"தொறக்க மாட்டேன். ஹீட்டர இறக்கணும். கிடுகையும் பிரிக்கணும்."

"நேத்து செரின்னு சொன்னவன் நீதானே? இண்ணைக்கு ஆளு கூட்டத்துல வச்சு என்னை மானங்கெடுத்துகியா?"

"ரெண்டு ஹீட்டர இறக்குனா போராதா தம்பி?" என்று போதகர் சமாதானமாகக் கேட்டார். இறக்கினால் பழையபடி இரண்டரை அடி. நேற்று அவன் ஒத்துக்கொண்ட அளவுதான். சரி என்று தலையாட்டிவிட்டால் அக்காவின் மானமும் மிஞ்சும், போர்மேன் பட்டமும் மிஞ்சும். குஞ்சுகள் குளிரில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கத்தத் தொடங்கின.

"போராது ஐயா," என்றான். "அக்கா, எனக்கு முதுகு வலி ஒண்ணும் இல்ல. சௌதியில நான் மாட்டுன ஹீட்டருலதான் ஷெட்டு எரிஞ்சுது. இடம் போராதுன்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன். ஒம்பதாயிரம் குஞ்சு. என்னை அடிச்சு வெரட்டுனானுவ. நான் போர்மேனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

ஞானையன் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்திருந்தார். ராஜபாய் தம்பியைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? பிரிச்சுப் போடுங்க," என்று ஆண்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

கால்மணி நேரத்தில் நாலு ஹீட்டருக்கும் மேலிருந்த கிடுகு இறங்கிவிட்டது. நடுவில் இருந்த ஒரு கிடுகின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாகியிருந்தது. போதகர் விரலால் அழுத்தியபோது அப்பளமாக நொறுங்கியது. அவர் அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஹீட்டர்கள் மீண்டும் நாலு அடிக்கு வந்தன. செல்வதாஸ் அளந்தான், இரண்டாம் முறை அளந்தான், பிறகு பற்றவைத்தான். குஞ்சுகள் பிரிந்து உமியில் பரவின. போதகர் மிச்ச ஜெபத்தை நாலே வரியில் முடித்தார். வந்தவர்கள் காப்பி குடித்தபடி சௌதிக் கதையை மெல்லத் தொடங்கினார்கள். இனி யாராவது அவனை வேலைக்குக் கூப்பிடுவார்களா என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ராஜபாய் அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் திட்டவில்லை.

"புஸ்தகம் புஸ்தகம்னு சொன்னியே, இத நேத்தே சொல்லியிருந்தா நேத்தே பிரிச்சிருப்பேனே," என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. "ரெண்டாயிரம் குஞ்சும் உள்ள. நாப்பது பேரு உள்ள. நீ வரும்போ ரயில்வே கேட்டு அடைச்சுக் கெடந்திருந்தா?"

செல்வதாஸ் டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் அளக்க ஷெட்டுக்குள் போனான்.